கையெழுத்து வைக்க முன்: வன்னியில் நிதி முகாமையாளராகச் சேருபவருக்கு

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ கொடையாளர் காசில் உதவித் திட்டங்கள் நடத்தும் ஒரு நிறுவனத்தில் நிதி முகாமையாளராக உங்களுக்கு நியமனம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ.ஏ.ரி. (கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் தகைமை) முடித்திருப்பீர்கள், அல்லது உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா, அல்லது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகப் பட்டம். இரட்டைப் பதிவு தெரியும், எக்செல் தெரியும், ஏட்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும் வங்கி இணக்கக் கூற்றுத் தயாரிக்கத் தெரியும். அதையெல்லாம் நான் இங்கே சொல்லித் தரப்போவதில்லை. போருக்குப் பிறகான மீள்குடியேற்றக் காலத்திலிருந்து இங்குள்ள உள்ளூர் நிறுவனங்களில் கணக்கு வேலை செய்துவருகிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, அந்த இடங்களை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

இந்த வேலையில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கையெழுத்து வைப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரே கேள்விதான்: தாளில் எழுதியிருப்பது தரையில் நடந்ததா? வன்னியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. இங்கே சனம் காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இழந்து வந்து, பிறகு ஒவ்வொரு உதவிக்கும் ஒவ்வொரு படிவம் நிரப்பிய சனம். நீட்டிய தாளில் வாசிக்காமல் கையெழுத்து வைத்துப் பழகிப்போனவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய கையெழுத்தின்மேல்தான் உங்களுடைய கையெழுத்து விழப்போகிறது.

சேர முன் வாசிக்கவேண்டியவை

நியமனக் கடிதத்தை ஏற்க முன் நிறுவனம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது என்று கேளுங்கள். 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக இருக்கலாம். 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் இருக்கலாம். கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் மேற்பார்வை செய்யும். யாருக்கு அறிக்கை கொடுப்பது, யார் கணக்காய்வு செய்வது என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

பிறகு, கடைசி இரண்டு வருடக் கணக்காய்வு அறிக்கையையும் அதோடு வந்த, கணக்காய்வாளர் கண்ட குறைகளை எழுதும் முகாமைத்துவக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அறிக்கை எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நிறுவனத்தின் உண்மையான உடல்நிலை முகாமைத்துவக் கடிதத்தில் இருக்கிறது: தீர்க்கப்படாத முற்பணம், வவுச்சர் (கொடுப்பனவுச் சான்று) இல்லாத கொடுப்பனவு, தாமதமான ஊழியர் சேமலாப நிதி. ஒரே குறை இரண்டு வருடமும் எழுதப்பட்டிருந்தால், ஏன் திருத்தவில்லை என்று நேர்முகத்திலேயே பணிப்பாளரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதை வைத்தே நீங்கள் முடிவெடுக்கலாம்.

கையேற்பு: முதல் மூன்று நாள்

முதல் நாள் தேத்தண்ணி குடித்து, எல்லோரோடும் கதைத்து, மேசையைத் துடைத்து முடிய, முந்தியவர் சாவியை உங்கள் கையில் தருவார். அந்தச் சாவியை உடனே வாங்காதீர்கள். எண்ணிய பிறகு வாங்குங்கள்.

நான் ஒரு வெளிக்கள அலுவலகத்தைக் கையேற்ற நாள் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. காசேட்டின்படி சில்லறைக் காசு மிச்சம் 48,350 ரூபா. பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டி எண்ணினோம். தாளும் குற்றியுமாக 19,850 ரூபா. மிச்சத்துக்கு ஒரு ரப்பர் பட்டியில் சுற்றிய மூன்று துண்டுகள். ஒன்றில் ‘மோட்டார் சைக்கிள் திருத்தம் 6,500’. அடுத்ததில் ‘சாரதி அண்ணை, சம்பளத்தில் கழிக்கலாம், 10,000’. மூன்றாவதில் ‘கொழும்புப் பயணம் 12,000’. கூட்டினால் சரியாக 28,500 வந்தது, கணக்கு இணங்கியது. முந்தியவர் நல்ல மனுசன், களவெடுத்தவர் இல்லை. ஆனால் மூன்று துண்டிலும் திகதி இல்லை, ஒன்றில் பெயரும் இல்லை. நான் அவரைப் பார்த்து, “அண்ணை, துண்டு காசில்லை. நான் 19,850 ரூபாதான் பொறுப்பெடுப்பன்” என்றேன். அவருக்கு மனம் நொந்தது. ஆனாலும் அந்தப் பின்னேரத்துக்குள்ளேயே மூன்று பேரையும் கூப்பிட்டு, முற்பணப் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்கி, ஏட்டில் ஏற்றிவிட்டார். அன்றைக்கு நான் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்திருந்தால், அடுத்த நாளிலிருந்து அந்த 28,500 ரூபா என் கடன்.

காசு எண்ணும்போது மூன்று பேர் இருக்கவேண்டும்: தருபவர், எடுப்பவர், சாட்சி. எந்தத் தாள் எத்தனை என்று எழுதி மூவரும் கையெழுத்து வையுங்கள்.

காசுக்குப் பிறகு காசோலைப் புத்தகம். பாவிக்காத ஒற்றைகளை இலக்கம் இலக்கமாக எண்ணுங்கள். இடையில் ஒன்று கிழிந்திருந்தால் அது எங்கே போனது என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வங்கிக்கு நேரே போய், கணக்கு மீதியையும் கையொப்பமிட அதிகாரமுள்ளவர்களின் பெயர்ப் பட்டியலையும் உறுதிப்படுத்தி ஒரு கடிதம் எடுங்கள். எப்போதோ வேலையை விட்டுப் போய் இப்போது வெளிநாட்டில் இருக்கிறவரின் பெயர் இன்னும் அந்தப் பட்டியலில் கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்தது சொத்து. மோட்டார் சைக்கிள், மடிக்கணினி, ஜெனரேற்றர், தண்ணீர்ப் பம்பி, கதிரை மேசை எல்லாவற்றையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாகனங்களுக்குப் பதிவுப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். திட்டம் முடிந்து கொடையாளர் போனபின் பெயர் மாற்றாமல் விட்ட வாகனங்கள் பல ஊரில் ஓடுகின்றன. விபத்து ஒன்று நடந்தால்தான் அதன் வில்லங்கம் தெரியும்.

கடைசியாக ஊழியர் சேமலாப நிதி எந்த மாதம்வரை கட்டியிருக்கிறது என்று பாருங்கள். ‘கட்டியாச்சு’ என்ற வாய்ச்சொல் போதாது. கட்டிய ரசீதைப் பாருங்கள்.

யார் கேட்பது, யார் ஒப்புவது, யார் கொடுப்பது

ஒரு செலவில் நான்கு வேலை இருக்கிறது: கேட்பது, அனுமதிப்பது, காசு கொடுப்பது, ஏட்டில் எழுதுவது. நான்கும் ஒரே ஆள் செய்தால் அவர் தெய்வமாக இருந்தாலும் பிழை வரும். வன்னி நிறுவனங்களில் அலுவலகத்தில் ஐந்து ஆறு பேர்தான் இருப்பார்கள். பாடப்புத்தகத்தில் சொல்வதுபோல் பிரிக்க ஆள் காணாது. குறைந்தது இரண்டு கையாகவாவது பிரியுங்கள்: காசு தொடுபவர் ஏடு எழுதக்கூடாது, ஏடு எழுதுபவர் காசு தொடக்கூடாது. வங்கிக் கூற்று நேரே பணிப்பாளருக்கு வந்து, அவர் பார்த்து முதலெழுத்து வைத்தபின் உங்களிடம் வரட்டும். இதை நீங்களே கேட்டுச் செய்யுங்கள். உங்களைக் காப்பாற்றும் ஏற்பாடு இது.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். பணிப்பாளர் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போவார். இரவு பஸ்ஸில் போய், கூட்டம் முடித்து, மறுநாள் இரவு ஏறித் திரும்ப மூன்று நாளாகிவிடும். “அவசரம் எண்டால் பாவியுங்கோ” என்று நாலைந்து வெற்றுக் காசோலையில் கையெழுத்து வைத்துத் தந்துவிட்டுப் போவார். உங்களில் வைத்த நம்பிக்கையால்தான் தருகிறார். ஆனாலும் வாங்காதீர்கள். கையெழுத்து வைத்த வெற்றுக் காசோலை லாச்சியில் கிடக்கும் அலுவலகத்தில் உள்ளகக் கட்டுப்பாடு என்று எதுவும் இல்லை. அதற்கு மாற்று வழி இருக்கிறது. மூவரில் எந்த இருவரும் கையெழுத்து வைக்கலாம் என்று நிர்வாக சபையில் தீர்மானம் எடுத்து வங்கிக்குக் கொடுங்கள். அல்லது இணைய வங்கிச் சேவையில் நீங்கள் பதிந்து, அவர் தொலைபேசியில் அனுமதிக்கும் முறையை ஏற்படுத்துங்கள். எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த கிழமைக்கு என்ன காசு தேவை என்று வெளிக்கள உத்தியோகத்தர்களிடம் எழுதி வாங்குங்கள். ‘அவசரம்’ என்று வருவதில் பெரும்பகுதி திங்கட்கிழமையே தெரிந்திருந்த விடயம்தான்.

காசோலை எழுதினால் ‘அல்லது கொண்டுவருபவருக்கு’ என்பதை வெட்டி, குறுக்குக் கோடிட்டு, ‘பெறுநர் கணக்குக்கு மட்டும்’ என்று எழுதுங்கள். கடைக்காரர் காசாகக் கேட்டு முறைப்பாடு செய்வார். கணக்கு இல்லாதவரென்றால் அதைக் காரணமாக எழுதி விலக்கு அளிக்கலாம். கணக்கு வைத்திருப்பவருக்கு விலக்கு வேண்டாம்.

பற்றுச்சீட்டு இல்லாத ஊரில் வவுச்சர்

கொழும்பில் எழுதப்பட்ட நிதிக் கையேட்டில் ‘மூன்று விலைமனு, அச்சடித்த பற்றுச்சீட்டு, விநியோகச் சீட்டு’ என்றிருக்கும். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் கிணறு கட்டும்போது மணல் ஏற்றி வருபவரிடம் அச்சடித்த பற்றுச்சீட்டு எங்கே இருக்கும்? அவரிடம் இருப்பது ஒரு உழவு இயந்திரமும் அது இழுக்கும் ஒரு பெட்டியும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் இரண்டு பிழையில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, பற்றுச்சீட்டு இல்லையென்று காசைப் பிடித்துவைத்து வேலையை நிறுத்துவார்கள். மற்றது, ரவுணில் ஒரு கடையில் வெற்றுப் பில் வாங்கி நிரப்புவார்கள். இரண்டாவது, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும், பொய்ப் பத்திரம். அதைச் செய்யவேண்டாம், செய்பவருக்குக் கண்ணை மூடவும் வேண்டாம்.

சரியான வழி, நிறுவனமே ஒரு கொடுப்பனவுச் சீட்டு அச்சடித்து வைத்திருப்பது. பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், என்ன வேலை, எந்த நாள், எத்தனை லோட், ஒரு லோட் எவ்வளவு, மொத்தம், கையெழுத்து. அடையாள அட்டையின் பிரதி ஒன்று. சாமான் இறங்கியதைப் பார்த்த பயனாளியின் கையெழுத்தும், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரோ செயலாளரோ ஒருவரின் கையெழுத்தும். மணல், கிரவல் என்றால் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் எழுதுங்கள். அனுமதி இல்லாத மணலுக்கு நிறுவனக் காசு கொடுக்கக்கூடாது.

லோட் கணக்கைப் பற்றி ஒன்று. மணல் கியூப்பில் விலை பேசப்படும். ஒரு கியூப் என்பது நூறு கன அடி. ஒருமுறை இருபது லோட்டுக்கு இருபது கியூப் என்று பில் வந்தது. எனக்கு ஏதோ இடித்தது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு போனேன். உழவு இயந்திரக்கார ஐயா பெட்டியை நிழலில் விட்டிருந்தார். அளந்தோம்: நீளம் 8 அடி, அகலம் 5 அடி, உயரம் 2 அடி. பெருக்கினால் 80 கன அடி. அதாவது ஒரு லோட் 0.8 கியூப். இருபது லோட்டுக்குப் பதினாறு கியூப்தான். ஐயாவும் மறைக்கவில்லை. “தம்பி, இஞ்சை எல்லாரும் பெட்டியைத்தான் கியூப் எண்டு சொல்லுறவை” என்றார். உண்மைதான், ஊரில் அது வழக்கு. பதினாறு கியூப்புக்குக் காசு கொடுத்தோம், அடுத்த தடவையிலிருந்து லோட் விலையாகவே பேசி எழுதினோம். நான் மேசையிலிருந்து எழும்பாமல் விட்டிருந்தால் நாலு கியூப் மணலின் காசு யாருடைய கிணற்றிலிருந்தோ குறைந்திருக்கும்.

ஆகவே இரண்டு கிழமைக்கு ஒருநாளாவது களத்துக்குப் போங்கள். ‘நிதி ஆள் ஏன் வாறார்’ என்று முதலில் முணுமுணுப்பு வரும். போய்க் குற்றம் பிடிக்கவேண்டாம். பாருங்கள், கேளுங்கள், எழுதிக்கொண்டு வாருங்கள். வாகன ஓட்டப் பதிவேட்டை வாசிக்கவும் இது உதவும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் என்று காலால் தெரிந்தவருக்குத்தான், போய்வந்த கணக்கு 180 என்று இருந்தால் பேனா நிற்கும். குளம் சுற்றியோ குறுக்கு ஒழுங்கை வழியாகவோ போன காரணம் இருக்கலாம். கேட்டு, காரணத்தைப் பதிவேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சின்ன ஊர் என்பதால் இன்னொன்றும் வரும். வன்பொருள் கடைக்காரர் யாரோ ஒரு உத்தியோகத்தரின் மாமாவாக இருப்பார். உங்களுடைய மச்சானாகவும் இருக்கலாம். உறவு குற்றமில்லை, சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம். விலைமனு திறக்க முன் ‘இவர் எனக்கு இன்ன உறவு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்தத் தெரிவிலிருந்து விலகுங்கள். நீங்கள் முதலில் செய்து காட்டினால் மற்றவர்களும் செய்வார்கள்.

பயனாளிக்குக் காசு போகும்போது

வாழ்வாதார உதவி, வீட்டுத் திருத்தம், பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று காசு நேரே குடும்பங்களுக்குப் போகும். முடிந்தவரை வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். ஆனால் பட்டியலை வங்கிக்குக் கொடுக்க முன் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரதி எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து, கிராம அலுவலரின் பட்டியலில் இன்னொன்று என்றிருக்கும். கனகாலம் பாவிக்காத கணக்கு செயலிழந்திருக்கும். நூறு பேருக்கு அனுப்பினால் சிலருடையது திரும்பி வரும். திரும்பிய காசைத் தனிப் பதிவேட்டில் ஏற்றி, அந்தந்த ஆளைத் தேடி, திருத்தி, மறுபடி அனுப்புங்கள். மாதக் கடைசியில் மிச்சமென்று நினைத்து வேறு செலவுத் தலைப்பில் சேர்த்துவிடாதீர்கள். அந்த ஒவ்வொரு தொகைக்கும் ஒரு ஆள் இருக்கிறார்.

கையில் கொடுக்கவேண்டி வந்தால் கையெழுத்துப் பட்டியல். இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு அம்மாவின் முகம்தான் வரும். விசுவமடுப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் கோழிக்கூட்டுக்கான காசு கொடுத்துக்கொண்டிருந்தோம். வரிசை நீண்டு வாசலைத் தாண்டி நின்றது. எங்கள் பிள்ளை ஒருத்தி விரைவாக முடிக்கவேண்டுமென்று தொகை எழுத முன்னமே பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். பிறகு எழுதலாம் என்று எண்ணம். அந்த அம்மா பேனையைக் கையில் வாங்கி, தாளைப் பார்த்து, பேனையைத் திருப்பி மேசையில் வைத்தார். “பிள்ளை, முதல்லை எவ்வளவு எண்டு எழுது. எழுதிப்போட்டு எனக்கு வாசிச்சுக் காட்டு. நான் முந்தி ஒருக்கா வாசியாமல் வைச்சு, வராத சாமான் வந்ததெண்டு கிடந்தது” என்றார். மண்டபம் அமைதியாகிவிட்டது. அன்றைக்கு முழுப் பட்டியலையும் திரும்ப எழுதினோம்; மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த எல்லா இடத்திலும் இதுதான் ஒழுங்கு: தொகை இலக்கத்திலும் எழுத்திலும் முதலே அச்சடித்திருக்கவேண்டும். கொடுப்பவர் தொகையை உரத்து வாசிக்கவேண்டும். வாங்குபவர் எண்ணியபிறகு கையெழுத்து. கைநாட்டு வைப்பவருக்கு நிறுவனத்தைச் சேராத ஒருவர் சாட்சி. காசு கொடுப்பவரும் பயனாளிகளைத் தெரிவு செய்தவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. கொடுத்து முடிய, மிச்சக் காசை அங்கேயே எண்ணி எழுதிவிட்டு வாகனத்தில் ஏறுங்கள். பட்டியலின் பிரதியொன்றை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கொடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தை மறைத்த பிரதியாக இருக்கட்டும். அயலவருக்குத் தொகை தெரியலாம், இலக்கம் தெரியவேண்டியதில்லை.

மாத நாட்காட்டி

இது சுருக்கமான பகுதி, ஆனால் தவறினால் தண்டம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், நிறுவனத்திடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு நிறுவனத்திடமிருந்து மட்டும் 3 வீதம். இரண்டும் அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்கு முன் கட்டவேண்டும். சேமலாப நிதி பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம்வரை ஏறும், அதை எந்தக் கொடையாளரும் ஏற்கமாட்டார். 60,000 ரூபா சம்பளம் என்றால் ஊழியரின் கைக்கு 55,200 ரூபா. நிறுவனத்துக்கு மொத்தச் செலவு 69,000 ரூபா. பட்ஜெட்டில் 60,000 என்று மட்டும் எழுதிவிட்டு, பிறகு மாதம் 9,000 ரூபாவுக்கு வழி தேடும் திட்டங்களை நான் கண்டிருக்கிறேன்.

மாதச் சம்பளம் 150,000 ரூபாவைத் தாண்டுபவருக்கு, 2025 ஏப்ரல் முதல் உள்ள அளவுப்படி, முற்பண வருமான வரியைக் கழித்து அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். பயிற்றுநர், ஆலோசகர் என்று வெளியிலிருந்து வரும் தனியாருக்கு மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் கொடுத்தால் 5 வீதம் பிடித்துவைக்கவேண்டும். ஆளோடு பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

‘தொண்டர்’ என்ற பெயரில் முழுநேரமும் வேலை செய்பவர்களைப் பற்றி மனச்சாட்சியோடு யோசியுங்கள். சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியர், அமய ஊழியர் எல்லோரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணிவரை உங்கள் பதிவேட்டில் கையெழுத்து வைக்கும் பிள்ளைக்குப் பெயரை மாற்றிக் கொடுப்பனவு கொடுப்பதால் அவளுடைய உரிமை மாறாது.

வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் பணிக்கொடையை எல்லோரும் மறப்பார்கள். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் நிறைவுசெய்தவருக்கு, 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். எட்டு வருடம் வேலை செய்து கடைசியாக 60,000 ரூபா எடுத்தவருக்கு 240,000 ரூபா. திட்டங்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று முடிந்துபோகும். ஆள் எட்டு வருடம் இருப்பார். ஒவ்வொரு திட்டத்தின் பட்ஜெட்டிலும் அதற்குரிய பங்கைச் சேர்த்து, தனிக் கணக்கில் போட்டுவைக்காவிட்டால், அந்த ஆள் போகும் நாளில் கொடுக்கக் காசு இருக்காது.

வங்கி இணக்கக் கூற்றை ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குள் முடியுங்கள். ஆறு மாதம் தாண்டி மாற்றப்படாத காசோலை இருந்தால் ஆளைக் கூப்பிட்டு என்ன நடந்ததென்று கேளுங்கள்.

கொடையாளர் காசு

முதல் விதி: ஒரு திட்டத்தின் காசில் இன்னொரு திட்டத்தின் சம்பளம் கொடுக்காதீர்கள். ‘அடுத்த தவணை வந்ததும் திருப்பி வைக்கலாம்’ என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். தவணை பிந்தும், இரண்டாவது திட்டத்திலும் ஓட்டை விழும், மூன்றாவதில் எடுத்து அதை அடைப்பார்கள். சம்பளம் பிந்துவது எல்லோருக்கும் கஷ்டம்தான், ஆனால் அந்த நாளே கொடையாளருக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் அனுமதி வந்தால் மட்டும் தொடுங்கள்.

இரண்டாவது, நாணய மாற்று. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது டொலர் 203 ரூபாவிலிருந்து மே மாதத்துக்குள் 360 ரூபாவளவுக்குப் போனது. அந்த நேரம் ஒரு திட்டத்தில் 20,000 டொலர் வரவேண்டியிருந்தால், 4,060,000 ரூபாவென்று கணக்கிட்டிருந்தது 7,200,000 ரூபாவாக வந்திருக்கும். சிலர் லாபம் வந்ததென்று சந்தோசப்பட்டார்கள். ஆனால் அந்த வருடத் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் யூன் கடைசியில் 460 ரூபா. கிணற்றுக்குச் சீமெந்து, கம்பி எல்லாம் அதே பாதையில் ஏறின. மாற்று வீதத்தால் கூடியது நிறுவனத்தின் காசில்லை, திட்டத்தின் காசு. எத்தனை கிணறு, என்ன புதிய விலை என்று திருத்திய பட்ஜெட்டை உடனே அனுப்பி அனுமதி கேட்டவர்கள் எல்லாக் கிணறும் கட்டி முடித்தார்கள். பேசாமல் இருந்தவர்கள் வருடக் கடைசியில் ஒரு தலைப்பில் மிச்சமும் மற்றத் தலைப்பில் பற்றாக்குறையும் விழுந்து, இரண்டுக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஒவ்வொரு மாதமும் பட்ஜெட்டுக்கு எதிரே செலவை வைத்து ஒரு பக்கத்தில் அச்சடித்து, திட்ட இணைப்பாளர்களோடு அரை மணித்தியாலம் இருங்கள். கதையில்லாமல் தாளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் ஒருவரும் திறக்கமாட்டார்கள்.

மழை

வன்னியின் நிதியாண்டுக்கு மழை ஒரு தலைப்பு. ஐப்பசியில் காலபோக நெல் விதைப்பு தொடங்கும், சனம் வயலில் நிற்கும். கார்த்திகை மார்கழியில் வடகீழ்ப் பருவமழை இறங்கிக் கிரவல் வீதிகள் சேறாகும். கட்டுமானச் செலவை அந்த மாதங்களில் போட்டிருக்கும் பட்ஜெட், வன்னி தெரியாதவர் எழுதியது. கிணறு, மலசலகூடம், வீதி எல்லாவற்றையும் ஆவணிக்குள் முடிக்கும்படி காசுப் பாய்ச்சலை அமையுங்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் கிழமையில் முல்லைத்தீவுப் பக்கம் பயிற்சிப் பட்டறைக்கு மண்டப முற்பணம் கட்டாதீர்கள், ஆள் வராது.

அவசரக் கொள்வனவு ஒழுங்கை வெள்ளம் வர முன் எழுதிவையுங்கள். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது சனம் பள்ளிக்கூடங்களில் இருந்தது. அரிசி, பருப்பு, பால்மா, பாய், பிள்ளைகளுக்கு உடுப்பு அந்தப் பகலுக்குள்ளேயே வேண்டும். மூன்று விலைமனு எடுக்க யாருக்கும் நேரமில்லை. அவசர காலத்தில் எவ்வளவு தொகைவரை ஒரே கடையில் வாங்கலாம், யார் இருவர் அனுமதிக்கலாம், எத்தனை நாளுக்குள் காரணக் குறிப்பு எழுதவேண்டும் என்று முதலே சபையில் தீர்மானித்திருந்தால் நீங்கள் அன்றைக்குப் பயமில்லாமல் காசு விடலாம். வருடத் தொடக்கத்தில் ரவுணில் நாலு கடைகளில் இந்தச் சாமான்களின் விலையை எழுதி வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

வவுச்சர்க் கோப்புகளை நிலத்தில் வைக்காதீர்கள். இரும்பு அலுமாரியின் மேல்தட்டில், பொலித்தீன் உறையில் வையுங்கள். ஸ்கான் செய்த பிரதி வேறு ஊரில் இருக்கட்டும்.

கணக்காய்வாளர் வரும் வாரம்

கணக்காய்வாளர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருவார். அவருக்குத் தனி மேசை, மின்விசிறி, வவுச்சர்கள் இலக்க வரிசையில், கேட்ட உடன் எடுக்க ஒரு ஆள். இது போதும். ஒரு வவுச்சர் இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள். அன்றிரவு இருந்து புதிதாக உண்டாக்காதீர்கள். காணாமல் போன வவுச்சருக்கு முகாமைத்துவக் கடிதத்தில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். உண்டாக்கிய வவுச்சர் பிடிபட்டால் மிச்ச ஆயிரம் வவுச்சரையும் யாரும் நம்பமாட்டார்கள். முடிந்தால் ஒருநாள் அவரைக் களத்துக்கு அழைத்துப் போங்கள். கிணற்றைக் கண்ணால் கண்டு, அதில் தண்ணீர் அள்ளிக் குடித்த கணக்காய்வாளர் கேட்கும் கேள்வியின் தரமே வேறு.

விட்டுப் போகும்போது

ஒருநாள் நீங்களும் வேறு வேலைக்குப் போவீர்கள். போகும் மாதத்தில் முற்பணங்களை முடித்து, காசை எண்ணி, திறந்திருக்கும் விடயங்களை, எந்தத் தவணை வரவேண்டும், எந்தக் கடைக்குக் கொடுக்கவேண்டும், எந்தப் பயனாளியின் காசு வங்கியிலிருந்து திரும்பிக் கிடக்கிறது என்று, ஆள் பெயரோடு எழுதுங்கள். அடுத்தவர் உங்கள் முன்னால் பெட்டியைக் கொட்டி எண்ணக் கேட்டால் மனம் நோகாதீர்கள். வங்கியில் கையொப்பப் பட்டியலிலிருந்தும் இணைய வங்கியிலிருந்தும் உங்கள் பெயரை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்து, நீக்கியதாக வங்கி தரும் பதிலின் பிரதியை வீட்டில் கொண்டுபோய் வையுங்கள்.